ஐம்பது வட்டங்கள், ஒரு சுற்று

சுவரில் தொங்கும் பற்றரி மணிக்கூட்டின் விநாடிமுள் ஓடுவதில்லை. ஓரடி வைக்கிறது, நிற்கிறது, அடுத்த அடி வைக்கிறது. உள்ளே இருக்கும் குவாட்ஸ் பளிங்கு விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. சிறிய சிப் ஒன்று அந்த எண்ணிக்கையைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்து, விநாடிக்கு ஒரேயொரு மின்துடிப்பாக்கித் தருகிறது. அந்தத் துடிப்பு தலைமுடி போன்ற செப்புக் கம்பிச் சுருளில் பாய, அருகே இருக்கும் குறுணிக் காந்தம் அரைச்சுற்றுத் திரும்புகிறது. அடுத்த விநாடி மின்னோட்டம் எதிர்த்திசையில் பாயும். காந்தம் மீதி அரைச்சுற்றையும் முடிக்கும். 1936இல் இதற்குக் காப்புரிமை பெற்றவர் மரியுஸ் லவே என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். களுதாவளையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் இப்படி அடி அடியாக நகரும் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் சுவரில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

மட்டக்களப்புக் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல் ஊரில் இன்னொரு வகை மோட்டாரின் இரைச்சல்தான் காதுக்குப் பழகியது. வெற்றிலைத் தோட்டத்துக்கும் மரக்கறிப் பாத்திக்கும் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் மோட்டார். ஆளியைப் போட்டால் சுற்றும், நிறுத்தினால் வேகம் தணிந்து எங்கோ ஓரிடத்தில் நிற்கும். அது எந்தக் கோணத்தில் நின்றது என்று எவரும் கேட்பதில்லை, கேட்டாலும் அதற்கு விடை தெரியாது. “கால் சுற்று மட்டும் திரும்பி அப்படியே நில்” என்று அதனிடம் சொல்ல வழியே இல்லை.

ஸ்டெப்பர் மோட்டாரிடம் அதைச் சொல்லலாம். கடைகளில் கிடைக்கும் வழக்கமான ஸ்டெப்பர், ஒரு முழுச் சுற்றை 200 படிகளாகப் பிரித்துக்கொள்கிறது, படிக்கு 1.8 பாகை. ஐம்பது படி கொடுத்தால் கால் சுற்று. கோணமானி வேண்டாம், உணரி வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும்.

இந்த 200 எங்கிருந்து வருகிறது என்பது அழகான கணக்கு. மோட்டாரைத் திறந்தால் நடுவே சுழலும் உருளையில் பற்சக்கரம் போல 50 பற்கள் தெரியும். உண்மையில் அவை இரண்டு சில்லுகள். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலைக்காந்தம் இருப்பதால் ஒரு சில்லு வடமுனை, மற்றது தென்முனை. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருமாறு அரைப்பல் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். சுற்றிலும் நிற்கும் சுருள்கள் இரண்டு கூட்டமாக, ஏ, பி என்று பிரிந்திருக்கும். ஏ நேராக, பி நேராக, ஏ எதிராக, பி எதிராக என்று மின்னோட்டத்தை நான்கு முறை மாற்றினால் உருளை ஒரு பல் தூரம் நகர்ந்திருக்கும். ஒரு பல் என்பது 360ஐ 50ஆல் வகுத்தால் வரும் 7.2 பாகை, அதன் நாலில் ஒன்று 1.8. பல்லின் இந்தக் கணக்கை எந்தத் தேய்மானமும் எளிதில் குலைக்காது. படியில் பிழை வந்தாலும் அது அந்தப் படியோடு போகும், அடுத்த சுற்றுக்குச் சேர்ந்து பெருகாது.

இதன் பழைய வரலாறு நம் கடலையும் தொட்டு நிற்கிறது. 1919இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரைச் சேர்ந்த சி. எல். வோக்கர் என்ற சிவில் பொறியியலாளர் பற்களை வைத்துப் படியைச் சிறிதாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் பிரித்தானியப் போர்க்கப்பல்கள், பீரங்கியும் டோப்பிடோக் குழாயும் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பதைக் கப்பலின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அறிவிக்கப் படிப்படியாக நகரும் மோட்டார்களைப் பயன்படுத்தின. அந்தக் கடற்படையில் 1924இல் சேர்ந்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டு மட்டக்களப்புக் கடலில் மூழ்கி, இன்றும் ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது. காந்தமும் பல்லும் சேர்ந்த இன்றைய வடிவம் அதன் பிறகு வந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஃபையர்டாக், டொனாஹூ இருவரும் 1952இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். பிறகு நெகிழ்தட்டு இயக்கி, பிறிண்டர், முப்பரிமாண அச்சு இயந்திரம் என்று மனிதன் நுட்பமாக நகர்த்த விரும்பிய எல்லாவற்றுக்குள்ளும் அது புகுந்தது.

மோட்டாரைப் பற்றி இவ்வளவு போதும். எனக்குச் சொல்ல இருப்பது அதை ஓட்டும் பலகையைப் பற்றி.

சந்தையில் பெருவிரல் அளவுச் சின்னப் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஏ4988, டி.ஆர்.வி.8825, டி.எம்.சி.2209 என்று அவற்றின் மேலுள்ள சிப்பின் பெயரால் விற்கிறார்கள். ஆர்டுயினோ என்ற நுண்கட்டுப்பாட்டுப் பலகையோடு நாலைந்து கம்பியை இணைத்தால் மோட்டார் சுற்றிவிடும். சுற்ற வைப்பதுதான் நோக்கமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் மோட்டாரை அறிவதுதான் நோக்கம் என்றால், அந்தச் சின்னப் பலகை எல்லாவற்றையும் மூடி வைத்திருக்கிறது. எவ்வளவு மின்னோட்டம் போகிறது, எப்போது குறைகிறது, ஏன் திடீரென்று உறுமிக்கொண்டு நின்றுவிடுகிறது என்று ஒன்றும் வெளியே தெரியாது. ஸ்டெப்பர் படிக்க விரும்புகிறவர் தனக்கென்று ஒரு சோதனைப் பலகையைத் தானே வடிவமைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான். அந்தப் பலகையின் முதல் வேலை, சுருளுக்குள் ஓடும் மின்னோட்டத்தைக் கண்ணுக்குக் காட்டுவது.

ஏன் மின்னோட்டம்? 42 மில்லிமீற்றர் சதுர முகம் கொண்ட சாதாரண ஸ்டெப்பர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுருளின் தடை 1.5 ஓம், தூண்டுதிறன் 2.8 மில்லிஹென்றி, தாங்கும் மின்னோட்டம் 1.7 அம்பியர். ஓமின் விதிப்படி 1.7ஐ 1.5ஆல் பெருக்கினால் 2.55 வோல்ற்று போதும். ஆனால் இந்த மோட்டாருக்கு நாம் 24 வோல்ற்று கொடுக்கிறோம். படிப்பவருக்கு இது முதலில் பிழையாகத்தான் படும்.

சுருள் மின்னோட்டத்தை உடனே ஏற்றுக்கொள்ளாது. தூண்டுதிறன் என்பது அந்த மறுப்பின் அளவு. 2.55 வோல்ற்று மட்டும் கொடுத்தால் மின்னோட்டம் தன் முழு அளவை எட்டச் சில மில்லிவிநாடிகள் பிடிக்கும். மோட்டார் விநாடிக்கு ஐந்து சுற்றுச் சுற்ற வேண்டுமென்றால் விநாடிக்கு ஆயிரம் படி. ஒரு படிக்குக் கிடைப்பது ஒரே ஒரு மில்லிவிநாடி. சுருள் நிரம்புமுன் அடுத்த படி வந்துவிடும், மோட்டார் வலுவிழந்து நின்றுவிடும். 24 வோல்ற்று கொடுத்தால் அதே 1.7 அம்பியரை ஏறத்தாழ 0.2 மில்லிவிநாடியில் தொட்டுவிடலாம். அப்படியே விட்டுவைத்தால் 16 அம்பியர் வரை ஏற முயன்று சுருள் கருகும். ஆகவே சிப் ஒரு தந்திரம் செய்கிறது. பொங்கி வரும் பாலைக் கண்டதும் அடுப்பைத் தணித்து, அது இறங்கியதும் மறுபடி தூண்டுகிற தாயைப் போல, மின்னோட்டம் வரம்பைத் தொட்டதும் வழங்கியைத் துண்டித்து, சற்று இறங்கியதும் மறுபடி இணைக்கிறது. இந்த வெட்டும் ஒட்டும் விநாடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கிறது.

வரம்பைத் தொட்டதை சிப் எப்படி அறிகிறது? சுருளின் மின்னோட்டம் நிலத்துக்குத் திரும்பும் வழியில் 0.1 ஓம் போன்ற மிகச் சிறிய தடை ஒன்று இருக்கும். அதன் குறுக்கே தோன்றும் மின்னழுத்தத்தை, நாம் ஒரு சிறிய திருகால் அமைத்துக் கொடுத்த மேற்கோள் அழுத்தத்தோடு சிப் ஒப்பிடுகிறது. ஏ4988இல் மேற்கோள் அழுத்தத்தை அந்தத் தடையின் எட்டு மடங்கால் வகுத்தால் வரம்பு கிடைக்கும். தடை 0.1 ஓம், மேற்கோள் 0.8 வோல்ற்று என்றால் வரம்பு 1 அம்பியர். ஆனால் தடை எவ்வளவு என்பது பலகைக்குப் பலகை மாறும். வாங்கிய பலகையில் அதை உருப்பெருக்கி வைத்துத் தேட வேண்டியிருக்கும். நீங்களே வரைந்த பலகையில் அதன் பெறுமானம் உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் பலரையும் குழப்பும் ஓர் அளவீடு உண்டு. மோட்டார் அசையாமல் நிற்கிறது, இரு சுருளிலும் 1.7 அம்பியர் ஓடுகிறது. 24 வோல்ற்று வழங்கியின் கம்பியில் அளந்து பார்த்தால் மானி ஏறத்தாழ 0.36 அம்பியர்தான் காட்டும். மிச்சம் எங்கே? எங்கும் போகவில்லை. இரு சுருளிலும் வெப்பமாகும் சக்தி ஏறத்தாழ 8.7 வாற்று, அதை 24ஆல் வகுத்தால் 0.36. வழங்கியைத் துண்டித்திருக்கும் நேரத்தில் சுருளின் மின்னோட்டம் நின்றுவிடாமல், சிப்புக்குள் இருக்கும் ஆளிகள் வழியாகத் தன்னைத்தானே சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறது. வழங்கி, வெப்பத்தில் இழந்ததை மட்டும் ஈடுசெய்கிறது. வெளிக்கம்பியில் எவ்வளவு அளந்தாலும் சுருளின் கதை தெரியாது என்பது இதனால்தான்.

ஆகவே சோதனைப் பலகையில் சுருளுக்குப் போகும் கம்பியிலேயே அளவியை வைக்க வேண்டும். ஏ.சி.எஸ்.712 என்ற மலிவான சிப் ஒன்று, தன்னூடாகப் பாயும் மின்னோட்டத்தின் காந்தப்புலத்தை உணர்ந்து சொல்லும். மின்னோட்டம் இல்லாதபோது அதன் வெளியீடு 2.5 வோல்ற்று. 5 அம்பியர் வகையில் ஒவ்வோர் அம்பியருக்கும் 0.185 வோல்ற்று ஏறும், திசை மாறினால் இறங்கும். சுருள் ஏக்கு ஒன்று, பிக்கு ஒன்று. அவற்றின் வெளியீட்டில் கொக்கி மாட்டக்கூடிய சிறு கண்ணிகள். அலைகாட்டி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பலகையில் உள்ள நுண்கட்டுப்பாட்டுச் சிப்பே அளந்து கணினிக்கு அனுப்பி வரைந்துவிடும்.

இப்போது ஏயின் மின்னோட்டத்தைக் கிடை அச்சிலும் பியின் மின்னோட்டத்தை நிலை அச்சிலும் போட்டு வரையுங்கள். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அந்தப் படம்தான். முழுப்படியில் மோட்டார் ஓடும்போது திரையில் நான்கு புள்ளிகள், சதுரத்தின் நான்கு மூலைகள். அரைப்படிக்கு மாற்றினால் எட்டுப் புள்ளிகள். பதினாறில் ஒரு பங்கு நுண்படிக்கு மாற்றினால் புள்ளிகள் நெருங்கி, வட்டம் ஒன்று பிறக்கிறது. க.பொ.த. உயர்தரத்தில் சைன், கோசைன் என்று படித்தவை திரையில் ஓடும். சிப் ஒரு சுருளுக்கு சைன் அளவும் மற்றதுக்குக் கோசைன் அளவும் மின்னோட்டம் கொடுக்கிறது; இரண்டும் சேர்ந்த காந்தப்புலம் வட்டமாகச் சுழல்கிறது; அதன் பின்னால் உருளை போகிறது. திரையில் ஒரு வட்டம் முடிந்தால் உருளை ஒரு பல் நகர்ந்திருக்கும். ஐம்பது வட்டம் சேர்ந்தால் அச்சு ஒரு சுற்று.

வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வட்டம் சுருங்கும், நெளியும். சுருள் நிரம்ப நேரம் போதவில்லை. சுழலும் காந்தமும் சுருளில் எதிர் அழுத்தத்தைத் தூண்டிக்கொண்டிருக்கிறது. வேகம் கூடினால் வலு குறையும் என்று விவரக்குறிப்பில் வளைகோடாக வரைந்திருப்பது இதைத்தான். வழங்கியை 12 வோல்ற்றிலிருந்து 24க்கு மாற்றிப் பாருங்கள், அதே வேகத்தில் வட்டம் மறுபடி விரியும்.

நுண்படி பற்றி விற்பனைக்காரர் சொல்லாத செய்தி ஒன்றையும் இந்தப் பலகை சொல்லித்தரும். பதினாறு நுண்படி என்றால் சுற்றுக்கு 3,200 படி. ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீற்றர் நகரும் திருகுத்தண்டில் அது ஒரு மில்லிமீற்றரின் நானூற்றில் ஒரு பங்கு. கணக்கில் சரி. ஆனால் ஒரு நுண்படி நகரும்போது மோட்டார் தரக்கூடிய மேலதிக வலு, அதன் முழுப் பிடிவலுவில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. 256 நுண்படியில் நூறில் ஒரு பங்கைவிடவும் குறைவு. தண்டில் சிறிய உராய்வு இருந்தாலே முதற் சில நுண்படிகளில் எதுவும் அசையாது, பிறகு மொத்தமாக ஒரு தாவல். நுண்படியின் உண்மையான பயன் ஓசை குறைந்த, அதிர்வு குறைந்த ஓட்டம். அதற்காக அதை விரும்பலாம். நுட்பமான அளவுக்காக அதை நம்ப வேண்டாம்.

மென்பொருளில் ஒரு செய்தி போதும். நிற்கும் மோட்டாரை ஒரே அடியில் விநாடிக்கு ஆயிரம் படி ஓடச் சொன்னால் உறுமும், அசையாது. மெல்லத் தொடங்கிச் சீராக முடுக்க வேண்டும். சீரான முடுக்கத்தில் படிகளுக்கு இடையிலான காத்திருப்பு, அடுத்தடுத்த எண்களின் வர்க்கமூல வித்தியாசத்தில் குறையும். முதற்காத்திருப்பு 10 மில்லிவிநாடி என்றால் அடுத்தது 4.14, பிறகு 3.18, பிறகு 2.68. சின்னச் சிப்புக்கு ஒவ்வொரு படிக்கும் வர்க்கமூலம் காண்பது பாரம். 2005இல் டேவிட் ஓஸ்டின் என்பவர் கூட்டல், கழித்தல், ஒரு வகுத்தலோடு இதைக் கிட்டத்தட்டச் சரியாகக் கணிக்கும் வழியைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று ஆர்டுயினோவில் பலர் பயன்படுத்தும் ஸ்டெப்பர் நிரல்தொகுப்பு அவருடைய வழியில்தான் நடக்கிறது.

இனிப் பலகையை வரைவது. கைகாட் என்ற இலவச மென்பொருள் போதும். 1992இல் பிரான்சின் கிரெனோபிளில் ஆசிரியராக இருந்த ஜோன்-பியர் ஷராஸ் தொடங்கியது. 2013இலிருந்து அணு ஆய்வு மையமான சேர்ன் அதற்குக் கைகொடுத்தது. வழக்கமான பலகையில் செப்புப் படலத்தின் தடிப்பு 35 மைக்கிரோமீற்றர். அதில் 2 அம்பியர் போக வேண்டிய பாதைக்கு 0.8 மில்லிமீற்றர் அகலமாவது வேண்டும். சோதனைப் பலகைதானே, இரண்டு மில்லிமீற்றராகவே வையுங்கள். சிப்பின் அடிவயிற்றில் உள்ள உலோகத் தட்டுக்குக் கீழே சிறு துளைகள் பல இட்டு, மறுபக்கச் செப்பு முழுவதற்கும் வெப்பத்தை இறக்க வேண்டும். சுருள் மின்னோட்டம் திரும்பும் நிலப்பாதையும் அளவிகளின் நிலப்பாதையும் ஒரே இடத்தில் மட்டும் சந்திக்கட்டும். இல்லாவிட்டால் வெட்டி ஒட்டும் இரைச்சல் அளவீட்டில் கலந்துவிடும்.

பலகைகள் பெரும்பாலும் இரண்டு தருணங்களில் சாகின்றன. முதலாவது, மின்சாரம் கொடுக்கும் கணம். நீளமான வழங்கிக் கம்பியும் பலகையிலுள்ள பீங்கான் கொள்ளளவியும் சேர்ந்து ஊசலாட, 12 வோல்ற்று கொடுத்த இடத்தில் ஒரு கணம் 35 வோல்ற்றையும் தாண்டிய கூர்முனை எழலாம். ஏ4988இன் உச்ச வரம்பே 35தான். சிப்புக்கு அருகே 100 மைக்கிரோபராட் மின்பகு கொள்ளளவி ஒன்றை வைத்தால் அது அடங்கும். இரண்டாவது, மின்சாரம் இருக்கும்போதே மோட்டார்க் கம்பியைக் கழற்றுவது. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்துக்கு வழியில்லாமற் போக, சுருள் தன் சக்தியை அழுத்தமாக்கிச் சிப்பின் மேல் எறியும். அதனால்தான் ஓட்டும் சிப்பைப் பலகையில் நிரந்தரமாக ஒட்டாமல், கழற்றி மாட்டும் குதையில் வைக்க வேண்டும். சோதனையில் சிப் சாகலாம், பலகை சாகக்கூடாது.

எங்கள் கரைக்கு என்றே இரண்டு செய்திகள் உண்டு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. காற்றில் உப்பும் ஈரமும். வாடைக்காற்று மழையில் ஈரம் இன்னும் கூடும். மூடாத செப்பில் பச்சை பிடிக்க அதிக காலம் எடுக்காது, உப்புப் படலம் அருகருகே ஓடும் பாதைகளுக்கு இடையே கசிவை உண்டாக்கும். பாகங்களைப் பற்றவைத்த பின் பலகையை ஸ்பிரிற்றால் கழுவி, நன்றாக உலர்த்தி, தெளிந்த அக்ரிலிக் பூச்சு ஒன்று அடித்துவிடுங்கள். குதைகளிலும் அளவீட்டுக் கண்ணிகளிலும் பூச்சுப் படக்கூடாது.

மற்றது நான் மிகவும் அக்கறையோடு சொல்வது. வீட்டிலேயே பலகை செய்கிறவர்கள் பெரிக் குளோரைட்டுக் கரைசலில் செப்பை அரித்தெடுப்பார்கள். வேலை முடிந்த கரைசல் முழுவதும் கரைந்த செப்பு. இங்கே நிலம் மணல். ஊற்றுவது எதுவும் தேங்காமல் கீழே இறங்கும். அந்த மணலுக்குக் கீழேதான் நாம் குடிக்கிற, வெற்றிலைக்கும் கத்தரிக்கும் இறைக்கிற தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் வாவி, கரைந்த செப்பு மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. ஒரு கோப்பை கரைசலைக்கூட வளவில் ஊற்றக்கூடாது, பிளாஸ்ரிக் போத்தலில் மூடி வைத்து இரசாயனக் கழிவாகவே கையளிக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் வீட்டில் அரிக்கவே வேண்டாம். வடிவமைப்புக் கோப்பைப் பலகை செய்யும் நிறுவனத்துக்கு அனுப்பினால் துளையிட்டு, பூச்சிட்டு, எழுத்தும் அச்சிட்டுத் தபாலில் அனுப்புகிறார்கள்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பவருக்கு இரண்டு பயன்களைச் சொல்லலாம். 2014இல் அமெரிக்காவின் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜோசுவா பியர்ஸின் குழு, ஸ்டெப்பர் மோட்டாரும் முப்பரிமாண அச்சில் செய்த பாகங்களும் கொண்டு, மருந்தையோ திரவத்தையோ மெல்ல மெல்லத் தள்ளும் ஊசிப் பம்பியின் வடிவமைப்பை உலகுக்கு இலவசமாகக் கொடுத்தது. பெருவிலை கொடுத்து வாங்கும் கருவியைப் பாடசாலை ஆய்வுகூடமே செய்துகொள்ளலாம் என்றாகியது. இரண்டாவது, தோட்டத்துத் தண்ணீர் வால்வு. பாத்திக்குப் பாத்தி அளவாகத் திறந்து மூட ஸ்டெப்பர் பொருத்தமானது. ஆனால் அது சும்மா நிற்கும்போதும் மின்சாரம் தின்னும், சூடேறும். சூரியத் தகட்டிலும் பற்றரியிலும் ஓட வேண்டிய தோட்டத்தில், பற்சக்கரப் பெட்டியோடு வரும் சிறிய மோட்டாரைப் போட்டு, திறந்து முடிந்ததும் மின்னோட்டத்தை முற்றாக நிறுத்திவிடுவதே சரி. வால்வை இடத்தில் பிடித்து வைக்கும் வேலையைப் பற்சக்கரங்கள் பார்த்துக்கொள்ளும்.

உயர்தரத்தில் தொழினுட்பவியல் பிரிவு 2013இல் வந்துவிட்டது. அந்தப் பிரிவில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பழுதாகிப்போன டொட் மெட்ரிக்ஸ் பிறிண்டரையோ ஸ்கேனரையோ பழைய இரும்புக்குக் கொடுக்குமுன் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு ஸ்டெப்பர் இருக்கும். அதை எந்தப் பலகையோடும் இணைக்காமல் வெறும் கம்பிகளோடு வைத்து அச்சைக் கையால் திருப்புங்கள், எளிதாகச் சுற்றும். பிறகு இரண்டு கம்பிகளின் நுனிகளைச் சேர்த்து முறுக்கிவிட்டுத் திருப்புங்கள். அச்சு இறுகினால் அவை இரண்டும் ஒரே சுருளின் முனைகள். இறுகாவிட்டால் வேறு சோடியைப் பாருங்கள். சோடி கிடைத்ததும் முறுக்கை அவிழ்த்து, அந்த இரண்டு கம்பிக்கும் குறுக்கே ஒரு எல்.ஈ.டி. விளக்கை இணைத்து அச்சை வேகமாகத் திருப்பினால், பற்றரி எதுவும் இல்லாமலே விளக்கு எரியும்.